அப்பா வீடு திரும்புகிறார், பேத்தியும் வருகிறாள்: பழைய வீட்டில் எதை எல்லாம் மாற்ற வேண்டும்?

குடந்தைவாசி

வணக்கம். கும்பகோணம் பக்கத்தில் எங்கள் வீடு. தாத்தா காலத்து ஓட்டு வீடு. முன்னால் திண்ணை, உள்ளே முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், கொல்லையில் கிணறு. குளியலறையும் கழிப்பறையும் கிணற்றடியை ஒட்டித் தனியாக இருக்கின்றன. அப்பாவுக்கு 74 வயது. போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து இந்த மாதக் கடைசியில் வீட்டுக்கு வருகிறார். அதே சமயம் தங்கை தன் இரண்டு வயது மகளோடு ஊருக்கு வருகிறாள், மூன்று மாதம் இருப்பாள்.

பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே வார்த்தைதான் சொல்கிறார்கள்: "இனிமேல் ஜாக்கிரதையா இருக்கச் சொல்லு." அப்பா ஜாக்கிரதையான மனிதர்தான். அந்தத் தரையில் காலை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம்தான் ஒருவர் ஜாக்கிரதையாகவே இருக்க முடியும்? கொஞ்சம் கவனம் தப்பினாலும் பெரிய சேதம் வராதபடி வீட்டைத்தான் மாற்ற வேண்டும் என்று எனக்குப் படுகிறது. இடித்துக் கட்டும் வசதி இல்லை. சின்னச் செலவில் செய்யக்கூடியதாக, அனுபவத்திலிருந்து சொல்லுங்கள். எதில் ஆரம்பிக்கலாம்?

கோவை இயன்முறை

அப்பா விழுந்த இடத்திலேயே ஆரம்பியுங்கள். நான் இயன்முறை சிகிச்சை செய்கிறேன். இடுப்பு முறிந்து வரும் பெரியவர்களிடம் எங்கே விழுந்தீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்தான் வரும். ஒன்று குளியலறை, இன்னொன்று ராத்திரி சிறுநீர் கழிக்க எழுந்த வழி.

முதலில் உட்காரும் இடம். குத்துக்காலிட்டு உட்காரும் கழிப்பறை அவருக்கு இனி ஆகாது. வெஸ்டர்ன் கோப்பை வையுங்கள். அது தாழ்வாக இருந்தால் மேலே மாட்டும் உயர்த்தி இருக்கைகள் மெடிக்கல் கடைகளில் கிடைக்கின்றன. உட்காரும்போது முழங்காலை விட இடுப்பு கொஞ்சம் மேலே இருக்க வேண்டும், அதுதான் கணக்கு. குளிக்கும்போதும் உட்கார்ந்தே குளிக்கட்டும். கைப்பிடி வைத்த, கால்களில் ரப்பர் உறை போட்ட நாற்காலி போதும். வாளியைத் தரையில் வைக்காமல் ஒரு மேடையில் வைத்தால் குனிய வேண்டியதில்லை.

அடுத்தது பிடிமானம். துண்டு போடும் கம்பியைப் பிடிமானமாக நினைத்து அதோடு சேர்ந்து விழுந்தவர்கள் நிறைய. அது ஆளின் எடையைத் தாங்கச் செய்தது இல்லை. இதற்கென்றே எஃகுக் கைப்பிடிகள் இருக்கின்றன. தரையிலிருந்து 33 முதல் 36 அங்குல உயரத்தில், கழிப்பறைக் கோப்பைக்குப் பக்கத்தில் ஒன்று, குளிக்கும் இடத்தில் ஒன்று, வாசலில் ஒன்று. அப்பாவை உட்கார வைத்து, கை இயல்பாக எங்கே போகிறது என்று பார்த்துக் குறியிட்டுப் பொருத்துங்கள்.

தரை. பெரிய வழவழப்பான டைல்ஸ் இருந்தால் மாற்றுங்கள். சின்னச் சின்ன டைல்ஸில் இணைப்புக் கோடுகள் அதிகம் என்பதால் கால் பிடிக்கும். நம் வீடுகளில் இன்னொன்றும் உண்டு. எண்ணெய் தேய்த்துக் குளித்த பிறகு தரையை வெறும் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு வந்துவிடுகிறோம். எண்ணெய் அப்படியே படிந்திருக்கும், அடுத்து உள்ளே போகிறவர் விழுவார். சீயக்காயோ சோப்புத்தூளோ போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். முற்றத்திலும் கிணற்றடியிலும் மழைக்காலத்தில் பாசி பிடிக்கும், அதற்கு பிளீச்சிங் பவுடரும் தென்னந்துடைப்பமும்தான் மருந்து.

கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே விழுந்து கிடப்பவர் கதவையே அடைத்துக்கொண்டு கிடந்தால், உள்பக்கம் திறக்கும் கதவைத் தள்ளவே முடியாது. தாழ்ப்பாளையும் வெளியிலிருந்து திறக்கக்கூடியதாகப் போடுங்கள்.

ராத்திரி. கட்டிலிலிருந்து கழிப்பறை வரை வழி முழுக்க மங்கலான விளக்கு எரியட்டும். கழிப்பறை வெளியே இருப்பதால் ராத்திரிக்கு மட்டும் கட்டிலருகே கமோடு நாற்காலி வைப்பது நல்லது. இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர் என்றால் படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்ததும் தலை சுற்றும். கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழச் சொல்லுங்கள். வேட்டி தரையில் புரளாமல் பார்த்துக்கொள்ளுங்கள், லுங்கியை மடித்துத் தைத்தாலும் சரி.

மதுரை வயர்மேன்

தரையைப் பற்றி இயன்முறை அக்கா சொல்லிவிட்டார். நான் கரண்ட் பக்கம் வருகிறேன். ஓட்டு வீடு என்றால் வயரிங் மரச்சட்டத்தில் போனதாக இருக்கும், சுவிட்ச் போர்டு மரப்பலகையாக இருக்கும். சரிதானே? ஃப்யூஸ் கேரியரில் செம்புக் கம்பியைச் சுற்றி வைத்திருப்பார்கள்.

உங்கள் வீட்டுக்கு நான் வந்தால் செய்யும் முதல் வேலை, மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் தானாக வெட்டிவிடும் பெட்டி, ஒன்று மாட்டுவது. இரண்டாயிரம் ரூபாய்க்குப் பக்கத்தில் ஆகும். நிறைய பேர் "எங்கள் வீட்டில் எம்சிபி இருக்கிறது, அதுவே தட்டிவிடும்" என்று நம்பிக்கொண்டு இருக்கிறார்கள். எம்சிபி என்பது ஃப்யூஸுக்குப் பதிலாக வரும் தானியங்கி சுவிட்ச். அது வயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. 16 ஆம்பியர் எம்சிபி தட்ட வேண்டுமானால் அந்த 16 ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும். மனிதன் உயிர் போக அதில் மிகச் சிறிய பங்கு போதும், ஆம்பியரே வேண்டாம், மில்லி ஆம்பியர் கணக்குதான். ஆர்சிசிபி போகிற கரண்டையும் திரும்பி வருகிற கரண்டையும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். நடுவில் யார் உடம்பு வழியாகவாவது தரைக்குக் கசிந்தால் நொடியில் ஒரு சின்னப் பங்கு நேரத்துக்குள் வெட்டிவிடும்.

அதையும் நம்பி எல்லாவற்றையும் விட்டுவிடாதீர்கள். ஒரு கை பேஸிலும் (கரண்ட் வரும் வயர்) இன்னொரு கை நியூட்ரலிலும் (திரும்பிப் போகும் வயர்) பட்டால் ஆர்சிசிபிக்குத் தெரியாது, ஒரு பல்ப் எரிவதாகத்தான் அது நினைக்கும். எர்த்தும் சரியாக இருக்க வேண்டும். கிரைண்டர், பிரிட்ஜ், மோட்டார் மூன்றுக்கும் மூன்று பின் பிளக், பெரிய பின்னுக்கு உண்மையிலேயே வயர் போகிறதா என்று ஒருவரை வைத்துப் பாருங்கள். பல வீடுகளில் சாக்கெட்டில் ஓட்டை மட்டும் இருக்கும், பின்னால் வயர் இருக்காது.

அப்புறம் துணி காயப்போடும் கம்பி. இதைப் பெரிய எழுத்தில் எழுத வேண்டும். கொல்லையில் இரும்புக் கம்பியை ஒரு முனையில், தெருக் கம்பத்திலிருந்து கரண்ட் வயர் வரும் சர்வீஸ் பைப்பிலோ, மோட்டார் ரூம் தகரத்திலோ கட்டியிருப்பார்கள். மழைக்காலத்தில் சர்வீஸ் வயரின் தோல் உரிந்து அந்தப் பைப்பில் பட்டால் கம்பி முழுக்கக் கரண்ட். ஈரத்துணியோடு ஈரத்தரையில் நிற்கும் அம்மா அதைத் தொடுவார். காப்பாற்றப் போகிறவரும் சேர்ந்து போவார். ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழைக்கும் இப்படிச் செய்தி படிக்கிறோம். இன்றைக்கே கம்பியை அறுத்துவிட்டு நைலான் கயிறு கட்டுங்கள். இதற்கு எலக்ட்ரீஷியனே வேண்டாம்.

பழைய மரம்

தம்பி, மனதில் பட்டதைச் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்கும் உங்கள் அப்பா வயதுதான். நாங்கள் ஏழு பேர் இதே மாதிரி வீட்டில்தான் வளர்ந்தோம். கிணற்றடியில் குளித்தோம், பரணில் ஏறினோம், விறகடுப்பில் சமைத்துச் சாப்பிட்டோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வீடு முழுக்கக் கம்பியும் பூட்டும் போட்டால் அது வீடு மாதிரி இருக்காது, ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருக்கும். பெரியவருக்குத் தினமும் தன் இயலாமையை நினைவுபடுத்துவது போல ஆகிவிடும். பக்கத்தில் ஒருவர் இருந்து பார்த்துக்கொள்வதை விட இதெல்லாம் பெரிதா?

வார்டு அக்கா

ஐயா, உங்கள் வீட்டில் ஏழு பேரும் நல்லபடியாக வளர்ந்தது சந்தோஷம். நான் அரசு மருத்துவமனையில் குழந்தைகள் வார்டிலும் தீக்காய வார்டிலும் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். நான் பார்த்த குழந்தைகளில் பெரும்பாலானவர்கள் வீட்டில் ஆள் இருக்கும்போதே அடிபட்டு வந்தவர்கள். அம்மா அடுப்படியில், பாட்டி திண்ணையில், குழந்தை நடுவில். பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் யாரும் விடவில்லை. குழந்தை நகர்கிற வேகத்துக்கு யார் கண்ணும் கூட ஓடாது, அவ்வளவுதான்.

குடந்தைவாசி, இரண்டு வயதுக் குழந்தை வருகிறாள் என்றால் இவற்றைப் பாருங்கள்.

தண்ணீர். கிணற்றுக்கு இரும்பு வலை மூடி போட்டுப் பூட்டுங்கள். கைப்பிடிச் சுவர் எவ்வளவு உயரம் என்பதை விட, அதன் பக்கத்தில் துவைக்கிற கல், கவிழ்த்த அண்டா என்று ஏறி நிற்கத் தோதாக ஏதாவது இருக்கிறதா என்பதுதான் முக்கியம். ஆனால் கிணற்றை மட்டும் மூடிவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். இந்த வயதில் குழந்தைக்குத் தலை கனம், வாளிக்குள் எட்டிப் பார்த்துத் தலைகீழாக விழுந்தால் தானாக எழ முடியாது. சில அங்குலத் தண்ணீரே போதும். சத்தமும் வராது. குளித்து முடித்ததும் வாளி, அண்டா எல்லாம் கவிழ்த்தே இருக்க வேண்டும், குளியலறைக் கதவு வெளியே உயரமான இடத்தில் தாழிட்டிருக்க வேண்டும்.

சூடு. வடித்த கஞ்சி, கொதிக்கும் ரசம், குக்கர் இவற்றைத் தரையில் இறக்கி வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. தீக்காய வார்டில் ஒன்றிலிருந்து மூன்று வயதுக்குள் வரும் பிள்ளைகள் பெரும்பாலும் இப்படி வெந்து வருகிறவர்கள்தான். பேத்தி இருக்கும் மூன்று மாதமும் சூடான பாத்திரம் தரையைத் தொடக் கூடாது. சமையலறை வாசலில் இடுப்பளவு மரத் தடுப்பு ஒன்று தச்சரிடம் சொல்லிப் போட்டுவிடுங்கள். குத்துவிளக்கை மேடைமேல் வையுங்கள். நைலான் பாவாடை தீயில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும், வீட்டில் பருத்தித் துணியே போடட்டும்.

வெந்துவிட்டால் ஓடுகிற குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பற்பசை, இங்க், மாவு, நெய் எதுவும் பூசக் கூடாது. ஐஸும் வைக்கக் கூடாது. சுத்தமான துணியால் தளர்வாக மூடி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். பற்பசை பூசி வருகிற காயத்தை நாங்கள் மறுபடி சுரண்டிக் கழுவ வேண்டியிருக்கும், அந்தக் குழந்தை படும் வேதனையைச் சொல்லி மாளாது.

பாட்டில். மண்ணெண்ணெய், பெயிண்டில் கலக்கும் தின்னர், கழிப்பறை ஆசிட் இவை எதையும் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. பாட்டிலைப் பார்த்தால் குழந்தை குடிக்கத்தான் செய்யும். மண்ணெண்ணெய் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வயிற்றில் இருப்பதை விட நுரையீரலுக்குப் போனால்தான் ஆபத்து, வாந்தி அதைத்தான் செய்யும். 108ஐக் கூப்பிடுங்கள். டெல்லி எய்ம்ஸ் நச்சுத் தகவல் மையத்தின் இலவச எண் 1800 116 117, இரவு பகல் எப்போதும் பேசலாம். இரண்டு எண்ணையும் சுவரில் எழுதி ஒட்டுங்கள். அப்பாவின் சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை எல்லாம் பூட்டிய அலமாரிக்குள். பேத்தி கைக்கு ஒரு மாத்திரை போனாலே விபரீதம்.

தூளி. இதைச் சொல்லும்போது எனக்கு இப்போதும் மனம் கனக்கிறது. சேலைத் தூளி கைக்குழந்தை தூங்குவதற்கு அருமையான ஏற்பாடு, நான் குறை சொல்லவில்லை. ஆனால் நடக்கிற, ஓடுகிற பிள்ளைகள் அதை ஊஞ்சலாக்கிச் சுற்றிச் சுற்றி விளையாடுவார்கள், முறுக்கிய சேலை கழுத்தில் இறுகிவிடும். பத்து வயதுப் பிள்ளைகள்கூட இப்படி இறந்திருக்கிறார்கள். குழந்தை தூங்கி எழுந்ததும் தூளியை அவிழ்த்து மடித்து வையுங்கள். தொங்கவிட்டபடி விடவே வேண்டாம்.

பீரோ, டிவி ஸ்டாண்டு இரண்டையும் சுவரோடு எல் வடிவ இரும்புத் துண்டு வைத்துப் பிணைத்துவிடுங்கள். இழுப்பறையைப் படியாக்கி ஏறுவார்கள்.

குடந்தைவாசி

அக்கா, தூளி விஷயம் எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை. தாழ்வாரத்து உத்திரத்தில் பழைய தூளி ஒன்று தொங்கிக்கொண்டுதான் இருந்தது, படித்த உடனே கழற்றிவிட்டேன். கம்பியையும் அறுத்தாயிற்று.

வயர்மேன் அண்ணாவிடம் ஒரு கேள்வி. பக்கத்து வீட்டில் இந்த ஆர்சிசிபி மாட்டினார்கள், அடிக்கடி தட்டுகிறது என்று சொல்லி எலக்ட்ரீஷியனே அதைத் தாண்டி நேராக வயர் கொடுத்துவிட்டார். எங்களுக்கும் அப்படி ஆகுமா?

மதுரை வயர்மேன்

ஆகும், முதல் வாரத்தில் கட்டாயம் தட்டும். அது தட்டுகிறது என்றால் உங்கள் வீட்டில் எங்கோ கசிவு இருக்கிறது, இத்தனை நாள் யாருக்கும் தெரியவில்லை. பழைய வீடுகளில் பெரும்பாலும் மூன்று காரணங்கள். ஒன்று, கிரைண்டர் அல்லது பம்ப் மோட்டாரில் ஈரம் இறங்கியது. இரண்டு, ஓட்டுக்கு அடியில் எலி கடித்த வயர். மூன்று, ஏதோ ஒரு ரிப்பேரில் நியூட்ரலையும் எர்த்தையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டியது. ஒவ்வொரு லைனாகக் கழற்றி மாட்டிப் பார்த்தால் அரை நாளில் பிடித்துவிடலாம். அந்த அரை நாள் உழைப்பைத் தவிர்க்கத்தான் நேராக வயர் கொடுக்கிறார்கள். இது எங்கள் தொழிலில் நடக்கிற பெரிய தவறு, எனக்குக் கோபம் வருகிறது. பக்கத்து வீட்டிலும் சொல்லிச் சரி செய்ய வையுங்கள்.

செலவு ஆனாலும் மோட்டாருக்குத் தனியாக ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று இரண்டாகப் போட்டால் ஒன்று தட்டினாலும் ராத்திரி வீடு முழுக்க இருட்டாகாது. அப்பாவுக்கு அதுவும் முக்கியம். மாதம் ஒருமுறை அதில் உள்ள டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள், தட்டாவிட்டால் பெட்டி செத்துவிட்டது என்று அர்த்தம்.

வெந்நீர் ராடு வைத்திருக்கிறீர்களா? அதை மூட்டை கட்டிப் போட்டுவிட்டு ஒரு கீசர் வாங்குங்கள். கீசரில் சூட்டை 50 டிகிரிக்குள் வையுங்கள். 60 டிகிரித் தண்ணீர் சில நொடிகளில் தோலை வேக வைத்துவிடும், முதியவர் சட்டென்று விலகவும் முடியாது. கேஸ் கீசர் வேண்டாம். அடைத்த குளியலறையில் கார்பன் மோனாக்சைடு சேரும், அதற்கு வாசனையே கிடையாது.

வேளச்சேரி வாடகை

எல்லாம் சரி, சொந்த வீட்டுக்காரர்களுக்கு. நாங்கள் வாடகை வீட்டில் இருக்கிறோம். ஆணி அடிக்கவே ஓனர் விடமாட்டார். கீழ்த்தளத்தில் சம்ப் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி) இருக்கிறது, அதன் மூடி உடைந்து மேலே ஒரு பிளைவுட் போட்டு வைத்திருக்கிறார்கள். குழந்தைகள் அதன்மேல்தான் விளையாடுகிறார்கள். பல தடவை சொல்லிவிட்டோம், "பார்க்கலாம்" என்கிறார்.

கட்டடப் பொறியாளர், திருச்சி

பிளைவுட் மூடி என்றால் இனி சொல்லிக்கொண்டு இருக்காதீர்கள். குடியிருக்கும் நான்கு வீடும் சேர்ந்து காசு போட்டு இரும்புச் சட்டத்தோடு வார்ப்பு மூடி ஒன்று வாங்கிப் போட்டுவிட்டு, ரசீதை வாடகையில் கழிப்பதாக எழுத்தில் கொடுங்கள். அது வரும்வரை இன்றைக்கே மேலே ஆள் அசைக்க முடியாத கனத்தில் கல்லை ஏற்றி வையுங்கள்.

சம்ப் பற்றிப் பேசும்போது இன்னொன்று. கழுவுவதற்கு ஆளை உள்ளே இறக்குகிறார்கள். காற்றோட்டம் இல்லாமல் ரொம்ப நாள் மூடிக் கிடந்த சம்பிலும், புதிதாகக் கட்டி, கான்கிரீட்டைத் தாங்க அடித்த சென்டரிங் பலகை பிரிக்காத சம்பிலும் ஆக்சிஜன் இருக்காது. ஈரப்பலகை மக்கும்போதே அதை இழுத்துக்கொள்ளும். இறங்கியவர் மயங்கி விழுவார், தூக்கப் போன இரண்டாவது ஆளும் விழுவார். செப்டிக் டேங்க் இன்னும் மோசம். அங்கே வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு முதலில் நாற்றமடிக்கும், அளவு கூடினால் மூக்கே மரத்துப்போய் நாற்றம் தெரியாமல் போகும். யாரையும் செப்டிக் டேங்கில் இறக்காதீர்கள். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றமும்கூட. லாரியை வரவழைத்து உறிஞ்சுங்கள்.

வாடகை வீட்டில் துளை போடாமல் செய்யக்கூடியதும் நிறைய இருக்கிறது. தரையில் நிற்கும் கழிப்பறைக் கைப்பிடிச் சட்டம், ஒட்டும் வழுக்காப் பட்டை, பிளக்கில் செருகும் இரவு விளக்கு, கேஸ் குழாய் மாற்றுவது. இதற்கெல்லாம் ஓனர் அனுமதி தேவையில்லை.

வார்டு அக்கா

கேஸ் குழாயை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், குழாயிலேயே தேதி அச்சடித்திருக்கும். சிலிண்டர் கழுத்தில் ஏ, பி, சி, டி என்று ஓர் எழுத்தும் வருடமும் இருக்கும், அந்த எழுத்து மூன்று மூன்று மாதக் கணக்கு. சி 27 என்றால் 2027 ஜூலை முதல் செப்டம்பருக்குள் மறுபரிசோதனை. தேதி தாண்டியதை வாங்காமல் திருப்பி அனுப்புங்கள். வாசனை வந்தால் சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906க்குப் பேசுங்கள். கேஸ் காற்றை விடக் கனம், தரையோடு தவழும், அதனால் ஜன்னலை விடக் கதவைத் திறப்பதுதான் முதல் வேலை.

யாழ் முற்றம்

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். இவ்வளவு நேரம் விழுவதையும் சுடுவதையும் பேசினீர்கள், நுளம்பைப் பற்றி, நீங்கள் கொசு என்பீர்கள், ஒருவரும் சொல்லவில்லை. இலங்கையில் 2017இல் ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்கும் மேல் டெங்கு நோயாளர்கள் பதிவானார்கள். அந்த வருடத்தை இங்கு யாரும் மறக்கவில்லை. வளவில் நுளம்பு பெருக விட்டால் இங்கே சட்டப்படி தண்டம், 2007இல் அதற்கென்றே சட்டம் கொண்டுவந்தார்கள்.

டெங்கு நுளம்பு சாக்கடையில் வராது, நல்ல தண்ணீரில்தான் முட்டை இடும். முட்டையிலிருந்து பறக்கிற நுளம்பாக ஏழு முதல் பத்து நாள். ஆகவே வாரம் ஒருநாள் எல்லாவற்றையும் கவிழ்த்தால் சக்கரம் அறுந்துவிடும். கவிழ்த்தால் மட்டும் போதாது, உட்புறச் சுவரைத் தேய்க்க வேண்டும். முட்டை ஓரத்தில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கிற தட்டு, பூச்சாடித் தட்டு, சிரட்டை, ஆட்டுக்கல்லின் குழி, மழைநீர் வழியும் கூரைப் பீலி. ஓட்டு வீடு என்கிறீர்கள், முற்றத்துத் தகரப் பீலியில் சருகு அடைத்துத் தண்ணீர் நிற்கும். கட்டாயம் ஏணி வைத்துப் பாருங்கள், அப்பா ஏறக் கூடாது.

இது பகலில் கடிக்கும். பிள்ளை பகல் தூக்கம் போடும்போதும் வலை கட்டுங்கள்.

வார்டு அக்கா

வலைக்கு இன்னொரு பயனும் உண்டு. டெல்டாவில் வயலை ஒட்டிய வீடுகளில் கட்டுவிரியன் ராத்திரியில் வீட்டுக்குள் வரும். தரையில் பாய் போட்டுப் படுத்தவரைக் கடிக்கும், பல சமயம் வலியே இருக்காது, விடிகாலையில் வயிற்றுவலி, இமை தொங்குவது என்றுதான் தெரியவரும். கட்டிலில் படுத்து, வலையின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் நன்றாகச் செருகிவிட்டால் இரண்டுக்கும் காப்பு. கொசுவர்த்திச் சுருளை அடைத்த அறையில் ஏற்றாதீர்கள், அந்தப் புகை குழந்தை நெஞ்சுக்கு ஆகாது. குளிப்பாட்டியதும் சாம்பிராணி போடுவதும் அப்படியே, இழுப்பு உள்ள குழந்தை என்றால் நிறுத்தியே விடுங்கள்.

குடந்தைவாசி

எலித் தொல்லை இருக்கிறது. நெல் மூட்டை வைக்கும் அறையில் வைப்பதற்குக் கடையில் ஏதோ மாத்திரை தருகிறேன் என்றார்கள். வைக்கலாமா?

கட்டடப் பொறியாளர், திருச்சி

வேண்டவே வேண்டாம். அது அலுமினியம் பாஸ்பைடாக இருக்கும். காற்றின் ஈரம் பட்டாலே பாஸ்பீன் வாயு வரும், அதற்கு முறிமருந்து கிடையாது. பக்கத்து அறையில் தூங்குகிறவர்களையும் கொல்லும். 2024 நவம்பரில் சென்னை குன்றத்தூரில் வீட்டில் வைத்த எலி மருந்தால் இரண்டு குழந்தைகள் இறந்த செய்தி நினைவிருக்கும். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்ட்டும் கூடாது. தின்றவர் முதல் ஓரிரு நாள் நன்றாக இருப்பது போலத் தோன்றும், பிறகு கல்லீரல் செயலிழக்கும். தமிழ்நாட்டில் அதன் விற்பனைக்குத் தடை இருக்கிறது, ஆனாலும் சில கடைகளில் கேட்டால் எடுத்துத் தருகிறார்கள். கூண்டுப் பொறி வையுங்கள். சாக்கடை வாயில் சல்லடை, கதவடியில் தகரம், மூட்டையைச் சுவரிலிருந்து தள்ளி மரச்சட்டத்தின் மேல். எலி வரும் வழியை அடைத்தால் வயரும் பிழைக்கும், அதைத் தேடி வரும் பாம்பும் குறையும்.

பழைய மரம்

எல்லாவற்றையும் படித்தேன். கம்பி, எலி மருந்து, கிணற்று மூடி இதிலெல்லாம் மறுபேச்சு இல்லை. அந்த நர்ஸ் அம்மா சொன்னதைப் படித்துவிட்டு என் வீட்டிலும் பாட்டில்களை எடுத்துப் பார்த்தேன். ஆனால் பெரியவரைப் பற்றி நான் சொன்னதை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து குளி, கட்டிலருகே கமோடு வை என்றால் எனக்கே கூச்சமாக இருக்கும். ஒரு வீட்டின் தலைவராக இருந்தவர் அவர்.

கோவை இயன்முறை

ஐயா, நீங்கள் சொல்வது சரிதான், நான் அதை விட்டுவிட்டேன். அவரைக் கேட்காமல் பொருத்திய கைப்பிடியை அவர் தொடவே மாட்டார். குடந்தைவாசி, அப்பா வந்த பிறகு அவரையே கூட்டிப்போய் எங்கே எது வேண்டும் என்று கேளுங்கள். கமோடு நாற்காலி கூச்சம் என்றால், தாழ்வாரத்தின் ஒரு மூலையைத் தடுத்து உள்ளேயே ஒரு சின்னக் கழிப்பறை கட்ட முடியுமா என்று பாருங்கள். பூட்டிய கதவு ஒன்று அவருக்கென்று இருக்கும். நிலைப்படியை எடுக்க அவர் சம்மதிக்க மாட்டார், எடுக்கவும் வேண்டாம். படியின் விளிம்பில் மஞ்சள் பெயிண்டால் பட்டை அடியுங்கள், நிலைக்கால் இரண்டிலும் மரக் கைப்பிடி வைத்துவிடுங்கள். பழைய நிலைக்கு மரப்பிடி அழகாகவே இருக்கும்.

பரணில் இருந்து தினசரி எடுக்கும் பாத்திரங்களைக் கீழே கொண்டுவந்துவிடுங்கள். அப்பா மறுபடி ஸ்டூல் போட்டு ஏறுவதற்குக் காரணமே இருக்கக் கூடாது.

யாழ் முற்றம்

விறகடுப்பு பற்றியும் ஐயா முதலில் சொன்னார். அம்மா வெந்நீருக்கு இன்னும் விறகா?

குடந்தைவாசி

ஆமாம். சமையல் கேஸில்தான், ஆனால் வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் கொல்லைக் கொட்டகையில் விறகடுப்பு. அம்மாவுக்கு நெடுநாள் இருமல்.

வார்டு அக்கா

அம்மாவை நெஞ்சு மருத்துவரிடம் காட்டி ஊதிப் பார்க்கும் சோதனை செய்யுங்கள், அடுப்பை மாற்றுவது அதற்கு அப்புறம். சிகரெட்டே தொடாத பெண்களுக்கு அடுப்புப் புகையால் நுரையீரல் கெட்டதை வார்டில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கட்டடப் பொறியாளர், திருச்சி

இதைப் பற்றி உங்கள் பக்கத்திலேயே பெரிய ஆய்வு நடந்தது. நாகப்பட்டினம், விழுப்புரம் பகுதிக் கிராமங்களில் கர்ப்பிணிப் பெண்களுக்கு விறகடுப்புக்குப் பதிலாக கேஸ் கொடுத்துப் பார்த்தார்கள், குவாத்தமாலா, பெரு, ருவாண்டாவிலும் சேர்ந்து நடந்தது. 2022இல் முடிவு வந்தது. பெண்கள் சுவாசித்த புகை நன்றாகக் குறைந்தது, ஆனால் குழந்தைகளின் பிறப்பு எடையில் எதிர்பார்த்த வித்தியாசம் தெரியவில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அடுப்பை மாற்றினால் எல்லா நோயும் போய்விடும் என்று நினைக்க வேண்டாம். ஆனால் அம்மாவின் இருமலுக்குப் புகை ஆகாது, அதில் சந்தேகமே இல்லை. கீசர் வந்தால் வெந்நீர் அடுப்பு தானாக நின்றுவிடும். நெல் அவிப்பதைத் திறந்த வெளியில், காற்றுக்கு முதுகு காட்டி நின்று செய்யட்டும்.

குடந்தைவாசி

எல்லோருக்கும் நன்றி. இன்றுவரை கம்பி, தூளி, பாட்டில்கள், மருந்து அலமாரிப் பூட்டு முடிந்தது. கிணற்று வலைக்கு வெல்டரிடம் அளவு கொடுத்துவிட்டேன், பேத்தி வருவதற்கு முன் வந்துவிடும். ஆர்சிசிபிக்கு ஞாயிற்றுக்கிழமை ஆள் வருகிறார். ஆஸ்பத்திரியில் அப்பாவிடம் தாழ்வாரக் கழிப்பறையைப் பற்றிக் கேட்டேன், கிழக்கு மூலை வேண்டாம், கொல்லைக் கதவு பக்கம் கட்டு என்றார். அப்படியே செய்கிறோம்.

ஒரே ஒரு சந்தேகம். எங்கள் சுவர் பழைய செங்கலும் சுண்ணாம்பும். துளை போட்டாலே பூச்சு உதிர்கிறது. கைப்பிடி நிற்குமா?

கட்டடப் பொறியாளர், திருச்சி

திருகாணிக்காகத் துளையில் செருகும் சாதாரண ரால் பிளக் போட்டு அந்தச் சுவரில் மாட்டாதீர்கள், ஒரே இழுப்பில் வந்துவிடும். இரண்டு வழி. சுவரின் மறுபக்கம் கை எட்டும் என்றால் முழுச் சுவரையும் துளைத்து நீள போல்ட் போட்டு, பின்னால் கால் அங்குல இரும்புத் தகடு வைத்து நட்டு முறுக்குங்கள். எட்டாது என்றால் தரையிலிருந்து எழும் எஃகுக் கம்பமாகச் செய்து, அடியைக் கான்கிரீட்டில் புதையுங்கள். எது செய்தாலும் அப்பா தொடுவதற்கு முன் வீட்டிலேயே கனமான ஆள் ஒருவர் முழு எடையையும் போட்டுத் தொங்கிப் பார்க்கட்டும். கான்கிரீட் என்றால் ஏழு நாள் ஈரப்படுத்தி விட்ட பிறகு. அப்பா வரும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணினால், கொத்தனாரை இந்த வாரமே கூப்பிட வேண்டும்.